மூன்று காலும் முன்னால்தான் போகும்!

கால் போனால் எல்லாம் போச்சு என்று யார் சொன்னது? காட்டுப்பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கில் மாட்டி, அறுவைச் சிகிச்சையில் ஒரு காலையே இழந்த பூனையைப் பார். மயக்கம் தெளிந்ததும் எழப் பார்க்கும். விழும். மறுபடி எழும். பெரும்பாலான பூனைகள் சில வாரங்களில் மூன்று காலில் ஓடப் பழகிவிடும்.

இது பாதிக் கதை. மீதிக் கதை லயத்து இஸ்தோப்பில் நடக்கிறது. காயம் ஆறிய பிறகும் பூனை வெட்டுப்பட்ட இடத்தை ஓயாமல் நக்குகிறது. மயிர் கொட்டி, தோல் சிவந்துபோகிறது. தொட்டால் சீறுகிறது. "பழகிருச்சு, விடு" என்கிறோம். விடாதே! அது பூனையின் முறையீடு. அறுபட்ட நரம்பின் நுனி முடிச்சிட்டு வலிக்கலாம். ஆறிய தோலுக்கடியில் சீழ் பிடித்திருக்கலாம். கூடுதல் பாரம் சுமந்து முதுகு பிடித்திருக்கலாம். வெறும் தெள்ளுப்பூச்சியாகவும் இருக்கலாம்.

இல்லாத கால் வலிக்குமா? மனிதருக்கு வலிக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் சாதாரண முகக்கண்ணாடி ஒன்றை வைத்தே, இழந்த கை அசைவதாக மூளையை நம்பவைத்துச் சிலருடைய வலியைத் தணித்துக் காட்டினார். வலிக்கிறது என்று அவர்கள் வாய்திறந்து சொன்னதால்தான் அதற்கு வழி பிறந்தது. பூனைக்கு வாயில்லை, நாக்கால் சொல்கிறது.

மலையகத்துத் தம்பி, தங்கச்சி! உனக்கு வாய் இருக்கிறதே, நீ ஏன் சொல்வதில்லை? குளிரைப் பொறு, அட்டைக்கடியைப் பொறு, இடுப்புவலியைப் பொறு என்றே நம்மை வளர்த்தார்கள். 1948இல் நம் மக்களின் குடியுரிமை பறிபோனபோதும் பொறுத்துக்கொள் என்றார்கள். பேசிப் போராடியவர்களால்தான் அது திரும்பி வந்தது. வலியை விழுங்குவது வீரமில்லை. வலிக்கிறது என்று சொல்லி, வழி கேட்டு, நடந்து காட்டுவதே தன்னம்பிக்கை!

அந்தத் துணிச்சலைப் பூனையிடமிருந்தே தொடங்கு. மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போ. உள்ளூரில் முடியாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. நரம்புவலிக்குக் காபாபென்டின் போன்ற மருந்துகள் உண்டு. அளவை வைத்தியர் சொல்லட்டும். பனடோலை மட்டும் கொடுத்துவிடாதே, ஒரே மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும்! கற்பூரம் கலந்த தைலமும் பூசாதே, நக்கி விழுங்கிவிடும். நக்காதிருக்கப் போட்ட கழுத்துக் கூம்பை வைத்தியர் சொல்லும்வரை கழற்றாதே. வழுக்கும் சிமெந்துத் தரையில் சாக்கை விரி. குளிருக்குப் பழைய கம்பளி போடு. உடம்பு பெருக்க விடாதே. பின்னங்கால் போயிருந்தால் அந்தப் பக்கத்துக் காதைச் சொறிய அதற்குக் காலில்லை, நீ சொறிந்துவிடு. சாப்பாட்டுக்கு முன் கயிற்றை இழுத்து வேட்டை விளையாட்டுக் காட்டு. நக்குகிறது என்று அடிக்காதே, திட்டாதே.

சரி, உனக்கு என்ன போயிற்று? உயர்தரத்தில் ஒரு பாடமா? கொழும்பில் கிடைத்த வேலையா? 1981இல் பேருந்து விபத்துக்குப் பின் வலது காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், 1984இல் ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மேடையேறிப் பரதம் ஆடினார். பிறகு 'மயூரி' படத்தில் தன் கதையில் தானே நடித்தார். விபத்துக்கும் மேடைக்கும் இடையில் கிடந்த ஆண்டுகள் வலியோடு செய்த பயிற்சி! கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைப் பார்த்துச் செடி செத்துப்போச்சு என்று தோட்டத்தில் எவரும் சொல்வதில்லை. வேரில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துதான் மறுபடி கொழுந்தைத் தள்ளுகிறது. உன் வேரிலும் சேமிப்பு இருக்கிறது!

இன்னொரு துணிச்சலும் வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டார்கள். சிகிச்சைக்குக் கொண்டுபோயும் அது பிழைக்கவில்லை. சுருக்கைக் கண்டால் வாய்மூடிக் கடந்துபோகாதே. வனசீவராசிகள் அதிகாரிகளுக்குச் சொல்.

எழு! உன் வலியை வெளியே சொல். வாயில்லாததன் வலியையும் நீயே எடுத்துச் சொல். மருந்தைத் தேடு, பயிற்சியை விடாதே. இருக்கிற கால்களால் இன்றைக்கே நட!