வேலை கேட்பதிலும் தருவதிலும் உள்ள அதபு



சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, ஒரு வாலிபர் தம் தந்தையாருடன் வந்து நமக்கு ஸலாம் கூறினார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். தொழுகை, தலாக், ஜகாத் பற்றிய மஸ்அலாவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு உட்காரச் சொன்னோம். அவர் கேட்டதோ ஆகாய விமானம் ஓட்டும் உத்தியோகத்தைப் பற்றி!

பிளஸ் டூவில் பௌதிகமும் கணிதமும் படித்து, விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, சட்டம் கேட்கும் 200 மணி நேரத்தைப் பறந்து முடித்து, லைசென்ஸ் பெற்றவர் அவர். வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற தந்தையார், பூர்வீக மனைக்கட்டை விற்றுப் பணம் கட்டியிருக்கிறார். பிறகு ஒரு விமானக் கம்பெனியின் எழுத்துப் பரீட்சை, சிமுலேட்டர் பரீட்சை, நேர்முகம் எல்லாவற்றிலும் தேறிவிட்டார். "நீர் தேர்வு செய்யப்பட்டீர், சேர வேண்டிய தேதி பிறகு தெரிவிக்கப்படும்" என்று கடிதம் வந்தது. சம்மதித்துக் கையொப்பமிட்டு அனுப்பினார். அவ்வளவுதான். 14 மாதங்கள் கழிந்தன. இரண்டு முறை விசாரித்து எழுதினார். ஒரு வரி பதிலில்லை.

இத்தொழிலில் காத்திருப்பது சும்மா இருப்பதல்ல என்பதை அவர் சொல்லித்தான் நாம் அறிந்தோம். மேகத்திலும் இருளிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதிச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். அது காலாவதியானால் மீண்டும் பறந்து, மீண்டும் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றும் பணம். பறக்காத விமானியின் கையும் மந்தமாகி விடுகிறதாம். ஓதாமல் விட்ட ஹாபிழின் நிலைதான் போலும்!

இப்படியிருக்க, வேறொரு கம்பெனி அவரை இந்த மாதமே வந்து சேரும்படி அழைத்துவிட்டது. அவருடைய கேள்வி இதுதான்: "முதல் கம்பெனிக்கு நான் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமா, ஹஜ்ரத்? அவர்கள் உனக்கு ஏதாவது சொன்னார்களா, நீ எதற்குச் சொல்ல வேண்டும் என்று கூட்டாளிகள் சிரிக்கிறார்கள்."

தந்தையாரும், "அவன் கேட்பதிலே நியாயம் இருக்கத்தானே செய்கிறது?" என்றார்.

நாம் அவசரப்பட்டு விட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். "தேதியும் இல்லை, சம்பளமும் தொடங்கவில்லை. ஒப்பந்தமே முழுமையாகவில்லை. பிஸ்மி சொல்லிப் போய்ச் சேருங்கள் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அன்றிரவு கிதாபைப் புரட்டியபோதுதான் மனம் உறுத்தியது. சட்டத்தின் பாதியைச் சொல்லி, அதபு முழுவதையும் விட்டுவிட்டோமே!

முதலில் எஜமானர்களின் பக்கத்தைப் பார்ப்போம். ஸலாமுக்கு அதைவிட அழகாகவோ, குறைந்த பட்சம் அதே அளவிலோ பதில் சொல்ல வேண்டுமென்று ஸூரத்துன் னிஸாவில் அல்லாஹுத்தஆலா ஏவுகிறான். கடிதத்திற்குப் பதில் எழுதுவதும் ஸலாமுக்குப் பதில் கூறுவதைப் போன்ற ஒரு கடமை என்றே தாம் கருதுவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது 'அல்அதபுல் முஃப்ரத்' கிதாபில் பதிவு செய்திருக்கிறார்கள். தபாலும் மின்னஞ்சலும் இல்லாத காலத்தில், ஒட்டகத்தில் வரும் கடிதத்திற்கே இந்த ஹக் இருந்தது! இன்று விரலசைவில் பதில் அனுப்ப முடிகின்ற கம்பெனிகள், "இடமில்லை" என்ற ஒரு வார்த்தைக்கு ஓர் இளைஞனை ஓராண்டு காக்க வைக்கின்றன.

"ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், எல்லோருக்கும் எப்படி எழுதுவது?" என்பார்கள். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் விரிவாக எழுதச் சொல்லவில்லை. ஆனால் அழைத்து, பரீட்சை வைத்து, தேறிவிட்டாய் என்று சொல்லிக் கையொப்பமும் வாங்கிய பிறகு, அவன் இன்னார் என்று தெரியாத கூட்டத்தில் ஒருவனல்லவே! விமான உத்தியோகத்தில் நிலைமை மாறுவதுண்டு என்பது மெய்தான். வாங்கவிருந்த விமானம் வந்து சேராது. எஞ்சின் பழுதாகி உள்ள விமானங்களும் தரையில் நிற்கும். எடுத்த ஆட்களுக்கே வேலை இருக்காது. சரி. கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாமல், இறைவனின் அருளை எதிர்பார்த்து நிற்கும் நிலையில் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அவரிடம் இதமான சொல்லைச் சொல்லும்படி பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் ஏவப்பட்டிருக்கிறது. கையில் இல்லை என்பது மன்னிக்கப்படும் காரணம்; வாயில் சொல் இல்லை என்பதற்கு அங்கே இடமில்லை.

இனி அந்த வாலிபரின் பக்கத்திற்கு வருவோம். கூலி ஒப்பந்தம் செல்லுபடியாக வேலையும் காலமும் கூலியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பிக்ஹின் பாலபாடம். தேதியில்லாத அந்தக் கடிதம் முழு ஒப்பந்தம் ஆகாது என்று நாம் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் ஆகாததெல்லாம் ஒன்றுமில்லாதது ஆகிவிடாது. அது வாக்கு. வாக்கை நிறைவேற்றுவது வாஜிபா, முஸ்தஹப்பா என்று உலமாக்களிடையே பேச்சுண்டு. முஸ்தஹப்பு என்பதே இமாம் ஷாஃபிஈ (ரஹ்), இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஆகியோரும் பெரும்பான்மையோரும் கொண்ட கருத்து என்றும், ஆயினும் அதை முறிப்பது கடுமையான மக்ரூஹ் என்றும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்அத்கார்' கிதாபில் எழுதுகிறார்கள். வாக்களித்து மாறுவதை நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்றாகப் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எண்ணிக் காட்டியதையும் மறந்துவிட முடியாது.

அப்படியானால் இரண்டாவது கம்பெனிக்குப் போகவே கூடாதா? போகலாம். 14 மாத மௌனம் தக்க காரணமே. ஆனால் போவது வேறு, சொல்லாமல் போவது வேறு. ஒருவர் பெண் கேட்டிருக்கும்போது, அவர் விலகும் வரை அல்லது அனுமதி தரும் வரை மற்றவர் அந்தப் பெண்ணைக் கேட்கக் கூடாதென்றும், ஒருவருடைய வியாபாரத்தின் மேல் இன்னொருவர் குறுக்கே போய் வியாபாரம் செய்யக் கூடாதென்றும் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் வந்திருக்கின்றது. கூலி ஒப்பந்தத்தையும் இதனோடு சேர்த்தே பேசியிருக்கிறார்கள் பிக்ஹு அறிஞர்கள் பலர். 'விலகும் வரை அல்லது அனுமதி தரும் வரை' என்னும் அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். விலகினேன் என்று ஒருவர் சொன்னால்தானே மற்றவருக்குத் தெரியும்? அந்தத் தம்பி சொல்லாமல் போனால், அவருடைய பெயர் பட்டியலில் நிற்கும் வரை, அவருக்குப் பின்னால் நிற்பவனுடைய இடம் அடைபட்டே கிடக்கும். அவனுடைய தந்தையும் ஒரு மனைக்கட்டை விற்றிருக்கலாம்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த வழியில்தான் வந்து நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், கேப்டன்கள் விலகுவதென்றால் ஓராண்டுக்கு முன்பும், துணை விமானிகள் ஆறு மாதங்களுக்கு முன்பும் அறிவிக்க வேண்டுமென்று விதித்தது. அந்தக் காலத்தில் விமானி வேலைக்கு மறுக்கக் கூடாது. எஜமானரும் விமானியின் நியாயமான உரிமைகளைப் பறிக்கக் கூடாது. எஜமானர் தடையில்லாச் சான்று கொடுத்தால் காலம் குறையலாம் என்றும் அதில் இருக்கிறது. ஓராண்டு அதிகம் என்று விமானிகள் வழக்காடினார்கள். அதில் நியாயம் இருக்கிறது என்றே நமக்கும் படுகிறது. ஒரு மனிதனை ஓராண்டு கட்டிப் போடுவது லேசான காரியமல்ல. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2023-இல் ஆகாசா ஏர் என்னும் புதிய நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் அறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகிவிட்டார்கள் என்று அந்த நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் முறையிட்டது. பல விமானப் பயணங்கள் ரத்தாயின. பெட்டியோடு விமான நிலையத்திற்கு வந்து நின்ற பயணிகளுக்கு இந்தச் சண்டையில் என்ன பங்கு? அவர்களிலே மகளின் நிக்காஹுக்குப் போகிறவரும் இருந்திருப்பார், மய்யித்துக்குப் போகிறவரும் இருந்திருப்பார்.

விமானிகள் மட்டும்தான் ஓடுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2012-இல் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் பறப்பதை நிறுத்தியபோது, விமானிகள் உட்பட ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி இருந்தது. கூலிக்கு ஆளமர்த்தி, வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்பதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். வக்கீல் வைத்து வெல்ல முடியாத வழக்கு அது.

வேலை கேட்பதற்கும் வேலை தருவதற்கும் உயர்ந்த உதாரணம் கஸஸ் அத்தியாயத்தில் இருக்கிறது. மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் மிஸ்ரை விட்டு ஓடி வந்து, மத்யனின் தண்ணீர்த் துறையில் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, நிழலில் ஒதுங்கி, தம் தேவையை ரப்பிடம் முறையிடுகிறார்கள். கையில் காசில்லை, ஊரில் உறவில்லை. அந்த நேரத்தில் அவர்களைப் போல வேலையற்றவர் யார்? அப்பெண்களில் ஒருவர் நாணத்துடன் நடந்து வந்து, தண்ணீர் இறைத்ததற்கான கூலியைத் தர என் தந்தை உங்களை அழைக்கிறார் என்கிறார். அந்தப் பெரியவர் ஷுஐப் (அலை) அவர்கள்தான் என்பாரும், வேறொரு ஸாலிஹான மனிதர் என்பாரும் உண்டு. யாராயினும், அவர் செய்த முதல் காரியம், கேட்காமலே செய்யப்பட்ட வேலைக்குக் கூலி தர அழைத்தது! அடுத்து, வந்தவருடைய கதை முழுவதையும் கேட்டு, அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் சொன்னது. வேலைப் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. இன்று நேர்முகத்திற்கு வெளியூரிலிருந்து சொந்தச் செலவில் வந்த பிள்ளையை மாலை வரை நாற்காலியில் உட்கார வைத்து, "நாளை வா" என்கிறவர்கள் இதைப் படித்துப் பார்க்கட்டும்.

பிறகு மகள் சொன்ன தகுதி இரண்டு: வலிமை, அமானத். விமானிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் நமக்குத் தெரியவில்லை. அதன்பின் பெரியவர் நிபந்தனையை வைக்கிறார்: மகளை மணமுடித்துத் தருகிறேன், எட்டு ஆண்டு வேலை, பத்தாக்கினால் அது உம்முடைய உபகாரம், உமக்குக் கஷ்டம் தர நான் விரும்பவில்லை என்ற கருத்தில் அமைகிறது அந்தப் பேச்சு. கடமை எது, உபகாரம் எது என்று பிரித்துச் சொல்லிவிட்டார். மூஸா (அலை) அவர்களும் இரண்டில் எதை முடித்தாலும் தம் மீது வரம்பு மீறல் கூடாதென்று தெளிவுபடுத்திக்கொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். எதை முடித்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதிகமானதையே முடித்தார்கள் என்று பதிலளித்தார்கள். பயிற்சிச் செலவுக்காக இத்தனை ஆண்டு என்று விமானிகளிடம் பாண்டு எழுதி வாங்குகிறவர்களும், அதில் கையொப்பமிட்டு மறு ஆண்டே மறைகிறவர்களும் இந்த இரண்டு பெரியோர்களின் பேச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

அமானத் என்றோமே, அதில் ஒரு சொல். விமானி தான் பறந்த மணிகளைத் தானே ஏட்டில் எழுதுகிறான். அதில் ஒரு மணி கூட்டி எழுதுவது பொய் மட்டுமல்ல. பின்னால் உட்காரும் நூற்றுக்கணக்கான உயிர்களின் மேல் செய்யும் துரோகம். 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானத்துறை மந்திரி, 860 விமானிகளில் 262 பேருடைய லைசென்ஸ் சந்தேகத்திற்குரியது என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார். அடுத்த மாதமே ஐரோப்பா அந்நாட்டு அரசு விமானங்களுக்குத் தடை போட்டது. 2024 இறுதியில்தான் அது நீங்கியது. இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் பலர் பிறகு குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். விசாரித்து முடிக்கும் முன் சபையில் சொன்ன சொல், அவர்களுடைய பெயரையும் சோற்றையும் கெடுத்தது கெடுத்ததுதான்.

பழைய எஜமானரிடம் புதிய எஜமானர் விசாரிக்கும்போது உள்ளதைச் சொல்வது புறம் பேசுவதாகாது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் குறைகளை மறைக்காமல் சொன்னது முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. ஆனால் கேட்ட அளவுக்கே சொல்ல வேண்டும். விட்டுப் போனானே என்ற கோபத்தை அதில் கலந்துவிடக் கூடாது.

மறுநாள் அஸருக்குப் பிறகு அந்தத் தம்பியை ஆளனுப்பி வரவழைத்தோம். "நேற்று நாம் சொன்னது குறைவாகப் போய்விட்டது, பொறுத்துக் கொள்ளுங்கள்" என்றோம். அவர் கூச்சப்பட்டுவிட்டார். பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தே கடிதம் தயாரானது. முதலில் அவர் எழுதியதில் 14 மாதக் கோபமும் இருந்தது. நான்கு வாக்கியங்களை அடிக்கச் சொன்னோம். தேர்ந்தெடுத்ததற்கு நன்றி, வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன், என் இடத்தை அடுத்தவருக்குத் தரலாம் என்ற மூன்று விஷயம் மட்டும் மிஞ்சியது. "பதில் வருமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

இதை எழுதும் வரை பதில் வரவில்லை என்று தந்தையார் சொன்னார். தம்பி பயிற்சியில் இருக்கிறார். அல்லாஹ் அவருடைய பயணங்களை ஸலாமத்தாக்கி வைப்பானாக! ஆமீன்.