மூச்சுக்கு மிஞ்சியது

வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் மலைச் சாலையில் நம் ஜீப்புக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டவர்கள் நம்மை மனத்துக்குள் ஏசியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கொண்டை ஊசி வளைவைக் கடந்து மற்ற வண்டிகளெல்லாம் வேகம் பிடிக்கும் நேர்ப்பாதையிலும், நம்முடையது இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு, ஓரத்தில் நடந்து செல்பவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய நிதானத்தில்தான் ஏறும். ஞாயிற்றுக்கிழமை நாம் கோயிலை அடையும்போது பிரசங்கம் பாதியைக் கடந்திருக்கும் என்பது ஊரறிந்த வேடிக்கை. 1988 ஆம் ஆண்டில் பதிவான அந்த ஜீப்போடு நாம் வாழத் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

மகிந்திரா எம்.எம். 540 என்னும் வகையைச் சேர்ந்தது அது. அதன் இன்ஜின் பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனத்தாருடையது. இந்தியாவில் தயாரிக்க உரிமை பெற்று, மகாராட்டிரத்தின் இகத்புரியில் உருவாக்கினார்கள். எக்ஸ்.டி.பி. 4.90 என்பது அதன் பெயர். உருளைகள் நான்கு, ஒவ்வொன்றின் விட்டமும் 90 மில்லிமீட்டர். பெயரின் பொருள் அவ்வளவே. கொள்ளளவு 2112 கன சென்டிமீட்டர். திறன் 62 குதிரை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் இன்ஜினுக்கே 60 குதிரைத் திறன் இருந்தது என்பதை நினைத்தால், நாற்பது ஆண்டுகளில் கூடியது இரண்டே குதிரைகள். ஆனால் பெட்ரோல் விலையைக் கண்டு அஞ்சிய ஒரு நாட்டுக்கு, குறைந்த டீசலில் நெடுந்தூரம் ஓடும் அந்த இன்ஜின் பெரிய கொடையாக இருந்தது. அதே நிறுவனத்தார் 2020 இல் வெளியிட்ட புதிய தார் ஜீப்பின் டீசல் இன்ஜின் 2184 கன சென்டிமீட்டர். ஏறக்குறைய அதே அளவு. திறனோ 130 குதிரை.

இந்த இரட்டிப்புக்குக் காரணம் பெரும்பாலும் காற்றுதான். புதிய இன்ஜினில் ஒரு சுழலி காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. பழையது தானாக எவ்வளவு இழுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவையே சுவாசிக்கிறது. மேலே ஏற ஏற அதுவும் குறைகிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கொடைக்கானலின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வலிமை மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே மூச்சு குறைவது மலை ஏறும் எவர்க்கும் உள்ளதுதான்.

வண்டி ஓட்டுவோர் பலரும் எண்ணிப் பாராத வேற்றுமை ஒன்று இங்கே உண்டு. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நாம் திறந்துவிடுவது காற்றுக்கான வழியை. பழைய டீசல் வண்டியில் மிதிக்கும்போது நாம் கூட்டுவது எண்ணெயை மட்டுமே. காற்று வருகிற அளவே வரும். ஆகவே ஏற்றத்தில் வண்டி தளரும்போது ஆத்திரத்தோடு மேலும் மிதித்தால், ஓர் எல்லைக்கு மேல் அது வேகமாகப் போவதில்லை. எரிய வழியில்லாத டீசல் கரியாகிப் பின்னால் கரும்புகையாய்க் கொட்டும். காலைச் சற்றுத் தளர்த்தினால் வேகம் பெரிதாகக் குறையாது. புகை மட்டும் நின்றுவிடும். இதைக் கற்றுக்கொள்ள நமக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கற்றபின் கண்ணாடியில் புகை தெரிந்த கணமே கால் தானாகத் தளரும். நல்ல ஓட்டுநராகிவிட்டோம் என்று சிறிது பெருமையும் இருந்தது.

2004 ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் அந்தப் பெருமை போயிற்று. மிளகும் காப்பியும் விளையும் நம் சிறு தோட்டத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்த்த பெரியவர் ஒருவருக்கு இரவில் மூச்சுத் திணறல் கண்டது. அவருடைய மகனும் இன்னொருவரும் அவரை ஒரு கம்பளியில் சுற்றித் தூக்கி வந்து ஜீப்பின் பின்புறம் கிடத்தினார்கள். மருத்துவமனை அடிவாரத்தில் இருந்தது. தார்ச்சாலையைத் தொட்டுவிட்டால் அப்புறம் முழுவதும் இறக்கம். ஆனால் தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்குப் போக ஓடையைக் கடந்து, செம்மண்ணும் உருளைக்கல்லுமாய் ஒரு கிலோமீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். பதற்றத்தில் நாம் கற்றதெல்லாம் மறந்து, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தோம். சக்கரம் சேற்றில் சுழன்றது, இன்ஜின் ஓலமிட்டது, வண்டியோ ஊர்ந்தது. பின்னாலிருந்து மகன் நம் தோளைத் தொட்டான். “ஐயா, கொஞ்சம் மெல்லப் போங்க. பொகை பூரா உள்ளே வருது. அப்பாவுக்கு இன்னும் முட்டுது.”

கான்வாஸ் கூரையின் பின்பக்கம் திறந்தே கிடந்தது. அவரைக் காப்பாற்றவென்று நாம் மிதித்த ஒவ்வொரு மிதியும் அவருடைய நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, லோ கியரைப் போட்டு, நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி செய்து, காலைத் தளர்த்தி ஏறினோம். அந்த ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் பிழைத்தார்.

மறுநாள் மருத்துவர் நம்மிடம் கேட்ட முதல் கேள்வி, “இவர் என்ன வேலை செய்கிறார்?” என்பது. நமக்கு உடனே வாய் எழவில்லை. முந்தைய வாரம்தான் அவர் மிளகு மூட்டைகளை ஓடைச் சரிவிலிருந்து களத்துக்குச் சுமந்து ஏற்றினார். இடையில் இரண்டு முறை பாறையில் சாய்ந்து நின்றதை நாம் பார்த்தோம். “முடியுமா?” என்று கேட்கவும் செய்தோம். “ஒண்ணுமில்லீங்க ஐயா” என்று சிரித்தார். வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டோமே அன்றி, சுமையைக் குறைக்க எண்ணவில்லை.

இருக்கும் மூச்சுக்கு மேல் ஒருவரிடம் கேட்பது எந்த இடத்தில் தவறாகிறது? அன்று முதல் நம்மை விடாத கேள்வி இது. எதையும் கேட்கவே கூடாது என்று சொல்ல முடியாது. கேட்காமல் எந்த வண்டியும் ஏறாது, எந்தப் பிள்ளையும் படிக்காது, எந்தக் குடும்பமும் நடக்காது. கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இன்ஜினுக்கு மரியாதை தெரியாது. அளவு மிஞ்சினால் புகைந்து காட்டிவிடும். மனிதர், அதிலும் நம்மிடம் கூலி வாங்கும் மனிதர், தம் புகையை உள்ளேயே விழுங்கிக்கொண்டு சிரிக்கிறார். “முடியுமா?” என்று நாம் கேட்டபோது, முடியாது என்று சொல்லும் வசதியை நாம் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. விடை ஒன்றே இருக்கக்கூடிய கேள்வியைக் கேட்டுவிட்டு, கேட்டாயிற்று என்று மனச்சான்றை அடக்கிக்கொண்டோம். இரும்பின் மூச்சை அறியக் கண்ணாடியைப் பார்த்துப் பழகிய நாம், மனிதரின் மூச்சை அவரது வாய்மொழியிலேயே விட்டுவிட்டோம்.

அவருக்குப் பின்னர் களத்தில் காய்ச்சலைக் காவல் காக்கும் உட்கார்ந்த வேலையைக் கொடுத்தோம். வேலை குறைந்ததால் கூலியையும் குறைக்கலாமா என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்ததை இங்கே மறைக்க வேண்டியதில்லை. குறைக்கவில்லை. அதற்குக் காரணம் நம் நல்ல மனமா, அவருடைய மகனின் முகத்தைப் பார்க்க நேரும் கூச்சமா என்று இன்றும் நமக்குத் தெளிவில்லை.

இன்ஜினை மாற்றிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். சுழலி பொருத்திய இன்னொரு இன்ஜினை இறக்கித் தருவதாக ஒரு மெக்கானிக் விலையும் பேசினார். பதிவு அலுவலகத்தின் அனுமதி, சான்று என்று அலைச்சல் உண்டு, அது பெரிதன்று. முதலில் பணமில்லை. பணம் வந்தபோது, பழையதன் மீது பற்று வந்துவிட்டது. அந்தப் பற்றுக்குச் சிறிது காலம் “எளிமை” என்று பெயர் சூட்டி மகிழ்ந்தோம். வறுமையையும் சோம்பலையும் எளிமை என்று அழைத்துக்கொள்வது நம்மில் பலர்க்கும் உள்ள வழக்கந்தான். ஆனால் அந்த மெக்கானிக்கே சொன்ன ஒரு சொல் சிந்திக்கத் தக்கதாக இருந்தது. “இழுவையைக் கூட்டிப்புடலாம் சார். பிரேக்கு பழசு, ஆக்சில் பழசு. அதையும் கூட்டணும்ல?” வலிமையைக் கூட்ட விரும்புவோர் பலர். அதை நிறுத்தவும் தாங்கவும் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே பார்ப்பவர் சிலர்.

லோ கியரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அந்தச் சிறிய நெம்புகோலைத் தள்ளியதும் சக்கரத்துக்குச் செல்லும் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிறது. ஆனால் 62 குதிரைகள் 63 ஆகிவிடவில்லை. வேகம் அதே இரண்டரை மடங்கு குறைந்துவிடுகிறது. கொடுத்த விலை அது. பற்சக்கரம் எதையும் புதிதாகப் படைப்பதில்லை. நேரத்தை வாங்கிக்கொண்டு வலிமையைத் தருகிறது. நேரம் தர மனமிருந்தால், இந்தச் சிறிய இன்ஜின் ஏற முடியாத மேடு நம் பக்கத்தில் அநேகமாக இல்லை. அந்தப் பெரியவரும் இரண்டு மூட்டையை நான்கு நடையாகச் சுமந்திருந்தால் களம் வந்து சேர்ந்திருப்பார். நமக்குத்தான் அன்று மாலைக்குள் வேலை முடிய வேண்டியிருந்தது.

மலைச் சாலைக்கென்று நம் நாட்டு விதிகளில் அழகான ஒன்று உண்டு. இரு வண்டிகள் ஒதுங்க இடமில்லாத இடத்தில், இறங்கி வருவது நின்று, ஏறுவதற்கு வழிவிட வேண்டும். ஏறுகிறவன் பாதியில் நின்றால் மறுபடி புறப்படுவது எத்தனை கடினம் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது. இதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவர்களை மறித்து நிற்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. அகலம் கண்ட இடத்தில் ஒதுங்கி அவர்களைப் போகவிடுவது நம் கடன்.

நம் வண்டியைப் பற்றி நமக்குள்ள மயக்கத்தை முற்றிலும் கலைத்தது வேறொரு செய்தி. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2012 இல் டீசல் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தியது. நாம் “பழைய தோழன்” என்று கொஞ்சும் வண்டி, பள்ளிக்கு நடந்து ஏறும் பிள்ளைகளுக்கு வேறொன்றாக இருக்கிறது. கண்ணாடியில் புகை தெரியவில்லை என்பதால் புகையே இல்லை என்றாகிவிடாது. அதன் பிறகு டீசல் பம்பில் எண்ணெய் விடும் அளவைக் குறைத்து வைக்கச் சொன்னோம். நாசில்களைப் புதுப்பித்தோம். இருந்த கொஞ்சம் இழுவையிலும் சிறிது போயிற்று. தோட்டத்துக்கும் தார்ச்சாலைக்கும் இடையே மட்டும் ஜீப்பை எடுக்கிறோம். வத்தலக்குண்டுக்குப் பேருந்தில் போகிறோம். இதுவும் போதாது என்று சொல்பவர் இருந்தால் அவரோடு வாதாட நம்மிடம் சொல் இல்லை.

பெரியவர் 2010 இல் காலமானார். இப்போது நமக்குக் கண் மங்கியதால் அவருடைய மகன்தான் பெரும்பாலும் ஜீப்பை ஓட்டுகிறார். போன மழையில் நமக்குக் காய்ச்சல் கண்டு, அதே ஓடைச் சரிவில் அவர் நம்மைக் கொண்டு சென்றார். ஓடையைத் தாண்டியதும், நாம் ஒன்றும் சொல்லாமலே, வண்டியை நிறுத்தி, லோ கியரைப் போட்டார். இறங்கிப் பின்பக்கம் வந்து கான்வாஸ் திரையை இழுத்துக் கட்டினார். “ஐயா, மூச்சு விட முடியுதா?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை” என்றோம். அவர் நம்பவில்லை, டார்ச்சு விளக்கை ஏற்றி நம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போய் வண்டியை எடுத்தார்.