சரீரம் நோகிறதா, மனச்சாட்சி நோகிறதா?



சென்ற தபசுகாலம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு நம் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதல்ல, பங்களாத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது. மற்றவர்களுக்கும் உதவும், எழுதுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆனாலும் பெயரையும் தெருவையும் நான் எழுதப் போவதில்லை. நீங்களும் தேட வேண்டாம்.

மகனுக்கு வேலை கிடைக்கும்வரை பால், தயிர், நெய், இனிப்பு எதையும் தொடுவதில்லை, நாளுக்கு ஒருவேளை மாத்திரமே உண்பது என்று அவர் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். ஏழு மாதம் அப்படியே நடந்தார். பிறகு ஒரு கலியாண வீட்டில், பரிமாறியவர் மனம் நோகக்கூடாதென்று, இலையில் வைத்த பால்கோவாவில் ஒரு விள்ளல் தின்றுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பால்கோவா இல்லாமல் கலியாணம் ஏது? அன்றிரவே வயிற்றுவலி. அதுமுதல் நெஞ்செரிச்சல், தலைச்சுற்று, தூக்கமின்மை. “மாதா என்னைத் தண்டிச்சுட்டாங்க, சாமி” என்று அழுதார். கூட வந்த கணவர், “எல்லாம் இவ மனசுதான் சாமி, உடம்புக்கு ஒண்ணுமில்ல” என்றார். மகனோ கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு, இது வெறும் வயிற்றுப்புண், இதில் மாதாவும் இல்லை மனசும் இல்லை என்று முடித்துவிட்டான்.

ஒரே நோய்க்கு மூன்று தீர்ப்புகள். இவற்றில் எது சரி என்று அந்த இரவு நான் வெகுநேரம் யோசித்தேன். அப்போது நினைவுக்கு வந்தவர் ஒரு அர்ச்சியசிஷ்டவர் அல்ல, காந்தியடிகள்.

1921-ம் வருஷம் மதுரையில் மேல்சட்டையைத் துறந்தவர் என்று அவரை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன், 1912-ல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பாலைத் துறந்தார். பால் இச்சையைத் தூண்டும் என்று அவர் நம்பினார். பசுவையும் எருமையையும் வதைத்துப் பால் கறக்கிற கொடுமையைப் பற்றியும் படித்திருந்தார். 1914-ல் லண்டனில் நெஞ்சுக்கூட்டில் நோய் கண்டபோது வைத்தியர் பால் குடிக்கச் சொன்னார். கோகலே கெஞ்சிப் பார்த்தார். அசைந்துகொடுக்கவில்லை.

1918-ல் அது முற்றியது. அகிம்சையே தன் மதம் என்று அறிவித்த அவர், அந்த வருஷம் கேடா ஜில்லாவில் ஊர் ஊராய் நடந்து, யுத்தத்துக்குப் பட்டாளத்தில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சிலமாதம் முன்பு வரிகொடாப் போராட்டத்தில் காசு வாங்காமல் வண்டி கொடுத்த குடியானவர்கள், இப்போது வாடகைக்கும் வண்டி தரவில்லை. நாளுக்கு இருபது மைல் வரை நடந்தார். உயிர்வதை கூடாதென்றவர் எங்களை ஆயுதம் எடுக்கச் சொல்வது எப்படி என்று ஜனங்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். உணவோ பெரும்பாலும் அரைத்த நிலக்கடலையும் எலுமிச்சம்பழமுந்தான். இலேசாகப் பேதி கண்டது. ஒரு பண்டிகை நாளில் கஸ்தூரிபா அன்போடு செய்து வைத்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் பயற்றையும் பார்த்து, ஆசையை அடக்க மாட்டாமல் உண்டுவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பேதி கடுமையாயிற்று. மருந்தை மறுத்தார். நாளுக்கு முப்பது நாற்பது தடவை போயிற்று. சாகப் போகிறேன் என்றே நினைத்தார்.

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஜெர்மனி தோற்றது, இனி ஆள் சேர்க்க வேண்டியதில்லை என்ற செய்தியை வல்லபாய் படேல் கொண்டுவந்தபோது, தன் மேலிருந்த பாரம் இறங்கியதாகக் காந்தியடிகளே தன் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். எரிக் எரிக்சன் என்னும் உளநூலறிஞர் 1969-ல் அவரைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அந்த நோயை வயிற்றின் காரியமாக மாத்திரம் அவர் பார்க்கவில்லை. அகிம்சைக்கும் ஆள்சேர்ப்புக்கும் நடுவில் கிழிபட்ட மனதையும் அதில் கண்டார்.

இதைப் படித்தவுடன் சிலர், “பார்த்தீர்களா, நோயெல்லாம் மனசிலிருந்துதான் வருகிறது” என்று துள்ளுவார்கள். அப்படித் துள்ளுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பேதி பேதிதான். நடையும் பட்டினியும் கடலையும் சேர்ந்தால் எந்த மனிதன் வயிறும் கெடும். ஆனால், மனச்சமாதானம் உள்ளவன் அதே பேதியோடு மருந்தும் கஞ்சியும் குடித்துப் படுத்திருப்பான். உள்ளுக்குள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டவன் மருந்தைத் தண்டனைக்குத் தப்புகிற வழியாகவும், நோயைத் தண்டனையாகவும் பார்க்கிறான். சரீரமும் ஆத்துமமும் படகும் படகோட்டியும்போல வேறு வேறானவை அல்ல, இரண்டும் சேர்ந்துதான் ஒரு மனிதன் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் படிப்பித்தார். இதற்குப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் வயிற்றைக் கேட்டால் போதும். தன் குற்றத்தை மறைத்திருந்த நாளெல்லாம் எலும்புகள் தேய்ந்தன என்று தாவீதரசரும் சங்கீதத்தில் முறையிடுகிறார்.

ஆனால் சங்கீதத்தை இப்படிச் சொன்னவன், அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரத்தையும் உடனே சொல்லியாக வேண்டும். பிறவிக்குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டார்கள். இவனுமல்ல, இவன் பெற்றோருமல்ல என்றார் சேசுநாதர். நோயாளியின் கட்டிலருகே நின்று, “நீ என்ன செய்தாயோ” என்று கேட்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. இப்போது அதையே “உனக்கு மனசு சரியில்லை” என்று புதுப் பாஷையில் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்விதான். படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே குத்துதான்.

காந்தியடிகளின் கதைக்குத் திரும்புகிறேன். பேதி போய் மூலநோய் வந்தது. 1919 தொடக்கத்தில் பம்பாயில் டாக்டர் தலால், பால் குடித்தாலொழிய உடம்பைத் தேற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். பசுவும் எருமையும்தானே உங்கள் மனதில் இருந்தன, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூரிபா கேட்டார். கட்டிலில் கிடந்தவர் இணங்கிவிட்டார். ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் போராட உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆவல் அவருக்கு. அதன்பின் ஆட்டுப்பால் அவர் உணவில் நிலைத்துவிட்டது. ஆனால் விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரைக் கைவிட்டேன் என்ற உறுத்தலும் நிலைத்துவிட்டது. எத்தனையோ வருஷம் கழித்து எழுதும்போதும் அதை மறைக்கவில்லை.

அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு குருவானவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த விரதத்தை எடுத்தவரும் அவரே, அதற்கு அர்த்தம் சொன்னவரும் அவரே, மீறியதாகத் தீர்ப்பிட்டவரும் அவரே. “நீ எடுத்த வாக்கிலிருந்து சர்வேசுரன் பெயரால் உன்னை விடுவிக்கிறேன், பாலைக் குடி” என்று சொல்ல அவருக்கு ஒருவருமில்லை. கஸ்தூரிபா அன்பினால் ஒரு சந்து காட்டினார். சந்து வழியாகப் போனவருக்கு மனச்சமாதானம் கிடைக்கவில்லை.

அர்ச். இஞ்ஞாசியாருக்கும் இதே கதிதான் நேர இருந்தது. 1522-ல் மன்ரேசா ஊரில் கடுந்தபசு செய்த நாட்களில், சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி சொல்லியும் மனம் ஆறாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைக்குக்கூட உள்ளானார். சர்வேசுரன் இந்த வேதனையை நீக்கும்வரை உண்பதில்லை என்று தீர்மானித்து, ஞாயிறு முதல் ஞாயிறு வரை ஒன்றும் உண்ணாமலிருந்தார். விஷயம் தெரிந்ததும் அவருடைய ஆத்தும குருவானவர் சாப்பிடும்படி கட்டளையிட்டார். கீழ்ப்படிந்து சாப்பிட்டார். கலக்கம் உடனே முழுவதும் தீர்ந்துவிடவில்லை. இரண்டொரு நாளில் திரும்பி வந்து, பிறகே நீங்கியது. ஆனால் கதவு திறந்தது அந்தக் கீழ்ப்படிதலினால்தான். இதே இஞ்ஞாசியார் 1548-ல் அர்ச். பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், ஒருசந்தியைக் குறைத்து வயிற்றைப் பலப்படுத்தும்படியும், சரீரமும் சர்வேசுரனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய பொருள்தான் என்றும் புத்தி சொல்கிறார். பட்டவருக்குத்தான் தெரியும்.

இதனால் ஒருசந்தியும் சுத்தபோசனமும் வேண்டாமென்று நான் சொல்வதாக ஒருவரும் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாம். தத்துவபோதகர் 1606-ல் மதுரைக்கு வந்து, மாமிசத்தையும் மீனையும் விட்டு, ஒருவேளைச் சோறும் காய்கறியும் பாலுமாக வாழ்ந்தார். ஆத்துமங்களை ஆதாயப்படுத்த அவர் அப்படிச் செய்தார். தன்னைத் தண்டித்துக்கொள்வது அவர் நோக்கமல்ல. ஆடி அமாவாசைக்கு நம் ஊர் வழியாகச் சதுரகிரிக்குக் கூட்டங்கூட்டமாய் நடந்து போகிறவர்களையும் வருஷந்தோறும் பார்க்கிறோம். நாவைக் கட்டுகிற வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

நேர்ச்சையைப் பற்றி மாத்திரம் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம்மால் செய்யக்கூடியதும், செய்யாமலிருப்பதைவிட மேலானதுமான நன்மையைச் சர்வேசுரனுக்கு வாக்களிப்பதே நேர்ச்சை. 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் 1191-ம் எண்ணில் இது இருக்கிறது. நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஜெப்தே நேர்ந்துகொண்டபடி தன் மகளையே பலியாக்கியதை, நேர்ந்ததும் தப்பு, நிறைவேற்றியது அதைவிடத் தப்பு என்றுதான் வேதபாரகர்கள் கண்டிக்கிறார்கள். உடம்பைக் கெடுக்கிற நேர்ச்சை மேலான நன்மையாக நிற்காது. நியாயமான காரணமிருந்தால் பங்குக்குருவே தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கலாம் என்று 1196-ம் எண் சொல்கிறது. வேறொரு நற்கிரியையாக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. இது தெரியாமல் எத்தனையோ பேர், முக்கியமாகத் தாய்மார், மாதாவைக் கடன்காரியாகப் பாவித்துப் பயந்து வாழ்கிறார்கள். இதைப் பிரசங்கத்தில் போதிய அளவு சொல்லாதது எங்கள் குற்றந்தான்.

அந்தத் தாயாரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரத்தம் மிகவும் குறைந்திருப்பதாகவும் வயிற்றில் புண் இருப்பதாகவும் டாக்டர் சொன்னாராம். அப்படியானால் மகன் சொன்னது பாதி சரி. மாத்திரையை நேர்ச்சைக்கு விரோதம் என்று அவர் எடுக்காமல் வைத்திருந்தபடியால், கணவர் சொன்னதிலும் கொஞ்சம் சரி இருந்தது. மாதா தண்டித்தாள் என்பது ஒன்றுதான் முழுப்பொய். அதன்பின் கோவிலில், நற்கருணைப் பேழைக்கு முன்பாக, நேர்ச்சையை மாற்றிக் கொடுத்தேன்: சனிக்கிழமைதோறும் அரைப்படி பால் வாங்கி, தெருக்கோடியில் தனியாயிருக்கும் பாட்டிக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு, தானும் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். முதல் சனிக்கிழமை பாட்டிக்குக் கொடுத்தாராம், தான் குடிக்கவில்லையாம். பயம். மூன்றாம் வாரத்தில்தான் குடித்தார். மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

நிறைவேற்ற முடியாத நேர்ச்சையை வைத்துக்கொண்டு கலங்குகிறவர்கள், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஒருசந்தி பிடிக்கிறவர்கள், சனிக்கிழமை மாலை ஜெபமாலைக்குப் பின் பங்களாவில் என்னைப் பார்க்கலாம். டாக்டர் கொடுத்த சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள்.