மலிவான தேசங்கள்

1

முதுகுப்பையோடு நாடு நாடாகப் போகிறவர்களின் பேச்சில் ‘அடுத்து எந்த நாடு?’ என்றால் ‘அடுத்து எந்த நாடு மலிவு?’ என்றுதான் அர்த்தம். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கையிலிருக்கும் பணம் தீர்கிற நாளில் பயணமும் தீர்ந்துவிடும். ஆகவே பணம் மெதுவாகத் தீர்கிற இடத்தை நாடுவது இயல்பு. என் நோட்டுப் புத்தகத்திலும் அந்த அட்டவணை உண்டு: ஒரு படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு, நூறு கிலோமீட்டர் பஸ் பயணம், ஒரு காப்பி, எதிரே வியட்நாம், லாவோஸ், கம்போடியா, இலங்கை. இந்த இயல்பான காரியத்துக்குள் தார்மிகக் கேள்வி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்பதே என் விசாரம். இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அது வழக்கமாக எழுப்பப்படும் இடத்தில் இல்லை.

வழக்கமாக எழுப்பப்படுவது ரசனை பற்றிய கேள்வி. மலிவைத் தேடிப் போகிறவன் ஒரு தேசத்தின் கலையையும் சரித்திரத்தையும் மதிக்கத் தெரியாதவன் என்பார்கள். இது வசதியுள்ளவர்களின் வாதம். டோனி வீலரும் மோரீன் வீலரும் லண்டனிலிருந்து ஆசியா வழியே ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்து 1973ல் வெளியிட்ட சிறு கையேட்டின் தலைப்பிலேயே மலிவு இருந்தது. ‘லோன்லி பிளானட்’ என்ற பெரிய நிறுவனம் அதிலிருந்து முளைத்ததுதான். அதற்கு முந்திய தலைமுறைகளில் தூரதேசம் பார்த்தவர்கள் யார்? செல்வந்தர்கள், யாத்திரிகர்கள், வியாபாரிகள், படையாட்கள், கூலிக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள். வேறெந்தக் காரணமும் இல்லாமல், பார்ப்பதற்காகவே போவது என்ற சுதந்திரம் சாதாரணச் சம்பளக்காரனுக்கு மலிவு வழியாகத்தான் கிடைத்தது. தவிரவும், சிக்கனப் பயணி தெருவோரக் கடையில் சாப்பிடுகிறான். யாரோ ஒருவர் வீட்டு மாடியில் தங்குகிறான். அவன் காசு கொஞ்சமானாலும் உள்ளூர்க் கையில் நேராக விழுகிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது.

2

ஒரு தேசம் எப்படி மலிவாகிறது?

விமான டிக்கெட்டும் பெட்ரோலும் கைத்தொலைபேசியும் வறிய நாட்டில் அப்படியொன்றும் மலிவாக இருப்பதில்லை. மலிவாக இருப்பவை அறையைப் பெருக்குவது, சமைப்பது, துணி வெளுப்பது, முடி வெட்டுவது. ஸூரிச்சில் முடி வெட்டுகிறவரும் லுவாங் பிரபாங்கில் முடி வெட்டுகிறவரும் ஒரேமாதிரிக் கத்தரியால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கூலியில் உள்ள பெரிய வித்தியாசத்துக்குக் கைத்திறன் காரணமில்லை. சுற்றியிருக்கும் தொழிற்சாலைகளின் உற்பத்தித் திறன் ஊர் முழுவதன் கூலியையும் தூக்கிவிட்டதால் ஸூரிச்காரர் உயர்ந்தார். பலாஸா, சாமுவேல்ஸன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1964ல் தனித்தனியே இதை விளக்கினார்கள். நமக்கு வேண்டிய சாரம் இது: பயணி அனுபவிக்கும் மலிவு பெரும்பாலும் மனித நேரத்தின் மலிவு. ஒரு நாட்டின் சீதோஷ்ணம் போல, மலை போல, அது அந்த நாட்டின் குணம் அல்ல. என் பணத்துக்கும் அங்குள்ள ஒருவருடைய உழைப்புக்கும் இடையே ஏற்பட்டிருக்கும் உறவு அது.

இது நெடுநாளைய மலிவு. இன்னொன்று திடீர் மலிவு. ஹனோயில் டார்மிட்டரியின் மேல்படுக்கைக்காரர் எனக்குச் சொன்ன யோசனை: “லாவோஸ் போங்கள், இப்போது அங்கே ரொம்ப மலிவு.” அந்த ‘இப்போது’ என்ற சொல்லில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவான கிப். 2023 முடிவில் இருபதாயிரத்துக்கும் மேல். இடையில் அந்நியக் கடன் சுமை, எரிபொருள் தட்டுப்பாடு, 2023 பிப்ரவரியில் 40 சதவீதத்தைத் தாண்டிய விலைவாசி ஏற்றம். அதாவது, எந்த மாதங்களில் லாவோஸ் எனக்கு மலிவாகிக்கொண்டிருந்ததோ அதே மாதங்களில் லாவோஸ்காரருக்கு அவருடைய நாடு கட்டுப்படியாகாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரே தெரு, நூடுல்ஸ் கிண்ணத்தின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு மலிவு, அந்தப் பக்கம் நிற்பவருக்கு நெருக்கடி.

அவரும் கணக்குப் போடத் தெரிந்தவர்தான். மீகாங்கைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கே கூலி பாத்தில் கிடைக்கும். லாவோஸின் இளைஞர்கள் பெருவாரியாக அந்தப் பக்கம் போனார்கள். 1994ல் திறக்கப்பட்ட நட்புப் பாலத்தில் என் பணம் பெருகும் திசையில் நான் வருகிறேன், தன் கூலி பெருகும் திசையில் ஒருவர் போகிறார். இருவரையும் நகர்த்துவது ஒரே நாணய மாற்று விகிதம். ‘அடுத்து எந்த நாடு?’ என்ற கேள்வி அவருக்கும் உண்டு. அதை யாரும் பயணம் என்று சொல்வதில்லை.

3

இந்தியனுக்கு இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான ஸ்திதி. 1966 ஜூன் 6ந் தேதி நம் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது, டாலருக்கு 4.76 என்பது 7.50 ஆயிற்று. மழை பொய்த்து பீகார் பஞ்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. இஸ்தான்புல்லிலிருந்து தரைமார்க்கமாகக் காத்மாண்டுவுக்கும் கோவாவுக்கும் வந்து சேர்ந்தவர்களுக்கு அன்று நாம்தான் ‘இப்போது மலிவு’. மலிவாக இருப்பதன் உள்பக்கம் நமக்குத் தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும். இன்று அதே நாட்டின் பிரஜை ரூபாயைக் கிப்பாகப் பெருக்கிச் சந்தோஷப்படுகிறான். வெள்ளைக்காரப் பயணியை விமரிசித்து எழுதிவிட்டு நாம் நகர்ந்துவிட இயலாது.

இலங்கை விஷயத்தில் இது இன்னும் நெருங்கி வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 ரூபாய். மே மாதம் சுமார் 360. ஏப்ரலில் அந்நியக் கடனைத் திருப்பித்தர இயலாது என்று அரசு அறிவித்தது. பெட்ரோல் வரிசைகள், ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமை. கண்டியிலிருந்து எல்ல வரை போகும் ரயில் பாதையைச் சிலாகிக்காத பயணக் கையேடு இல்லை. அந்தப் பச்சை முழுவதும் தேயிலை. அதைப் பறிக்கிறவர்களில் மிகப் பலர் மலையகத் தமிழர்கள், 1948ன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் சந்ததி. நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2021ல்தான் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று அரசிதழில் வந்தது. அன்றைக்கு அது ஐந்து டாலர். அடுத்த வருஷம் மூன்று டாலர்கூட இல்லை. ஆயிரம் ரூபாய் ஆயிரமாகவே இருந்தது. அரிசியும் மாவும் இருக்கவில்லை. ஜன்னலோரப் பயணியின் கணக்கில் அது ‘இலங்கை பாதி விலைக்கு வந்துவிட்டது’.

அப்படியானால் போகாமல் இருப்பதுதான் தர்மமா? இங்கேதான் எளிய ஒழுக்கவாதம் முறிகிறது. 2022ல் இலங்கைக்கு வேண்டியிருந்தது டாலர். மருந்தும் எரிபொருளும் டாலரில்தான் வாங்க முடியும். பயணிகள் கொண்டுவருவது டாலர். மனச்சாட்சி உறுத்தி விலகிப் போனவர்கள் தங்கள் மனச்சாட்சியைத் தவிர வேறெதையும் காப்பாற்றவில்லை. அந்த வருஷம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். உள்ளே வருகிறவர்கள் குறைந்திருந்தால் வெளியே போகிறவர்கள் கூடியிருப்பார்கள். ஆக, அனுகூலம் அடைவதும் உதவுவதும் இங்கே ஒரே செயல். செயலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பூட்டான் வேறு விடை கண்டது: மலிவாக இருக்க மறுப்பது. 2022 செப்டம்பரில் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் கட்டணம் என்று வைத்து, அடுத்த வருஷம் அதை 100 ஆக்கியது. இந்தியருக்கு 1,200 ரூபாய். மரியாதையான விடைதான். ஆனால் தன்னை விற்கும் விலையைத் தானே தீர்மானிக்கும் சக்தி கடனில் மூழ்கிய தேசத்துக்கு இல்லை. விலை சொல்லும் தெம்பில்லாத இடத்தில் பொறுப்பு வாங்குகிறவன்மேல் வந்து விழுகிறது.

4

கோனிக்ஸ்பெர்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி எங்கும் போகாத காண்ட், நிரந்தர சமாதானம் குறித்து 1795ல் எழுதிய நூலில் அந்நியனின் உரிமையைப் பற்றியும் பேசினார். வந்து இறங்குகிறவனைப் பகைவனாக நடத்தக் கூடாது. அவனுக்கு வந்து பார்க்கும் உரிமை உண்டு. அதற்கு மேல் விருந்தாளியாகும் உரிமை தானாக வராது. பார்க்கப் போவதையே பிடிக்கப் போவதாக ஆக்கிக்கொண்ட ஐரோப்பிய வியாபார தேசங்களை அதே இடத்தில் அவர் கண்டித்தார். அதே நூலில் இன்னோர் அளவுகோலும் இருக்கிறது: எந்த நோக்கத்தைப் பகிரங்கப்படுத்தினால் அது நிறைவேறாமல் போகுமோ அந்த நோக்கம் நியாயமற்றது. அரசுகளுக்காகச் சொன்னது. முதுகுப்பைக்காரனுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

எல்லவில் எனக்குச் சோறு போடும் வீட்டுக்கார அம்மாவிடம் “உங்கள் ரூபாய் விழுந்துவிட்டது அம்மா, அதனால்தான் என்னால் வர முடிந்தது” என்று சொல்ல முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். அவர் சிரிக்கலாம், எந்தெந்தச் சாமான் என்ன விலை விற்கிறது என்று சொல்லத் தொடங்கலாம், யாராவது வந்தால் சரி என்றும் சொல்லலாம். அந்தக் காரணம் வெளிச்சத்தில் நிற்கிறது. மலிவுக்காகப் போவதில் தவறில்லை என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

அடுத்த வாக்கியம்தான் நிற்காது: “உங்கள் ரூபாய் விழுந்துவிட்டது, அதனால் வந்தேன், அறை வாடகையில் இன்னும் ஐந்நூறு குறைத்துக்கொள்ளுங்கள்.” இதை முழுவதுமாக யாரும் சொல்வதில்லை. முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் தினம்தினம் சொல்கிறார்கள். பேரம் கீழைநாடுகளின் பண்பாடு என்று அதற்குச் சமாதானமும் உண்டு. பேரம் சந்தையில் சமமானவர்களுக்குள் நடக்கிற விளையாட்டு. இருவருக்கும் வெங்காயத்தின் விலை தெரியும், இருவரும் எழுந்து போய்விடலாம். நாணயம் சரிந்த ஊரில் எழுந்து போகக்கூடியவன் ஒருவன்தான். அவனுக்கு அடுத்த நாடு இருக்கிறது.