"நாமே பார்த்துக்குவோம்": அந்த 'நாம்' யார்?

இன்னைக்கு கொஞ்சம் கனமான விஷயம், பொறுமையா படிங்க.

டிமென்ஷியா என்கிற மறதிநோய் வந்த பெரியவரைக் கவனிக்க வெளியே உதவி கேட்டால், அது கடமையிலிருந்து நழுவுவதா?

எங்க வீட்டில் மூணு வருஷமா இருக்கிற கேள்வி இது. அப்பத்தாவுக்கு 81 வயசு. திண்டுக்கல்லில் அப்பா, அம்மாவோட இருக்காங்க. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். உதவிக்கு ஒரு ஆள் வைக்கலாம்னு பேச்சு வந்தப்ப சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "வெளியாள் எதுக்கு? நாமே பார்த்துக்குவோம்."

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 'நாம்' யாரு? ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பத்தா "எங்க வீட்டுக்குப் போகணும்"னு கதவைத் திறக்கும்போது எழுந்திருப்பது அம்மா. குளிக்க வைப்பது, துணி மாற்றுவது, ஒரே கேள்விக்கு இருபதாவது தடவை பதில் சொல்வது எல்லாமே அம்மா. 'நாம்'னு சொல்றோம், செய்யறது ஒருத்தர். பெரும்பாலான வீடுகளில் அது மருமகளோ, மகளோ, மனைவியோதான்.

எங்க ஆபீஸ்ல ராத்திரி சர்வர் பிரச்சனை வந்தா பார்க்க ஆட்களை முறை போட்டு வைப்பாங்க. ஒரே ஆளை மாசம் பூரா விழிக்க வெச்சா அவர் தடுமாறுவார்னு எல்லாருக்கும் தெரியும். வீட்டில் மட்டும் அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

"வெளியாளுக்கு நம்ம பாசம் வருமா?" நியாயமான கேள்வி. மறதிநோய் உள்ளவங்களுக்குப் பழகிய முகமும் பழகிய இடமும் ரொம்ப முக்கியம். ஆனா தூக்கமே இல்லாத மனுஷிகிட்ட எவ்வளவு நாளைக்குப் பொறுமை இருக்கும்? அப்பத்தாவுக்கு என் பேர் மறந்துடுச்சு. ஆனா கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பிச்சா கூடவே சொல்றாங்க. சின்ன வயசில் மனசில் பதிஞ்ச பாட்டு, இந்த நோயில் பலருக்கு ரொம்ப நாள் தங்கும். பக்கத்தில் உட்கார்ந்து அதை ஆரம்பிச்சு வைக்க வேண்டியது நாம்தான். அதற்கு நேரமும் தெம்பும் மிஞ்சணும்னா, குளிப்பாட்டவும் ராத்திரி காவலுக்கும் வேறொரு கை வேணும்.

அதனால என் பதில் இது: அவங்க நல்லபடியா கவனிக்கப்படணும், அதுதான் கடமை. எல்லாத்தையும் நம்ம வீட்டு ஒருத்தரே செய்யணும்னு இல்லை. உதவி வந்த பிறகு நாம அவங்க பக்கத்தில் அதிகமா உட்கார்ந்தா அது பொறுப்பு. பணத்தைக் கட்டிட்டு எட்டிக்கூட பார்க்கலைன்னா, அதுதான் நழுவுறது.

உதவி எங்கே கிடைக்கும்? முதலில் நரம்பியல் டாக்டரையோ மனநல டாக்டரையோ பாருங்க. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதியோருக்கான அரசு உதவி எண் 14567. கவனிக்கிறவர் மனசு உடைஞ்சு போனா டெலி மனஸ் 14416, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். 1992-ல் கேரளாவில் தொடங்கிய அல்சைமர்ஸ் அண்ட் ரிலேட்டட் டிசார்டர்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா இதற்காகவே இருக்கும் அமைப்பு. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனமும் மறதிநோய்க்கான சேவை தருது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம்னு 2023-ல் வெளியான ஆய்வு சொல்லுது. அதனால வெளியே சொல்ல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

உங்க தெருவிலோ சொந்தத்திலோ இப்படி ஒரு வீடு இருந்தா, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"னு சொல்லிட்டு வந்துடாதீங்க. அவங்க கேட்கவே மாட்டாங்க. "ஞாயித்துக்கிழமை 10 மணியிலிருந்து 1 மணி வரை பாட்டிகூட நான் இருக்கேன் அக்கா, நீங்க போய்த் தூங்குங்க"னு சொல்லுங்க. சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்க.

வேலும் மயிலும் துணை.