யாருக்குப் போதும்?

போன மார்கழியில் மயிலாப்பூரில் ஓர் உபன்யாசம் கேட்கப் போயிருந்தேன். "அங்கே வசதி உண்டு, நிம்மதி கிடையாது. இங்கே வசதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனா மனசு நிறைஞ்சிருக்கு" என்றார் உபன்யாசகர். நல்ல கைதட்டல். தட்டியவர்களில் பாதிப் பேருக்காவது பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கும். என் மகனும் சிங்கப்பூரில்தான் இருக்கிறான்.

நான் தட்டவில்லை. போதும் என்ற மனம் பெரிய விஷயம்தான். ரிட்டையர் ஆனபிறகு அதைப் பழகிக்கொள்ளத்தான் நானும் பார்க்கிறேன். ஆனால் அது அவரவர் தனக்குச் சொல்லிக்கொள்வது. அடுத்தவருக்கு எது போதும் என்று நான் தீர்மானிக்க ஆரம்பித்தால், அதை வைராக்கியம் என்று எந்த சாஸ்திரமும் சொல்லாது.

ஐ.நா. சபை 1990 முதல் மனித வளர்ச்சிக் குறியீடு என்று ஒன்றை வெளியிடுகிறது. மஹபூப் உல் ஹக் தொடங்கியது. அமர்த்தியா சென்னும் அதில் கைகொடுத்தார். ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. 2025 அறிக்கையில் 193 நாடுகளில் சிங்கப்பூருக்கு 13-ஆம் இடம், நமக்கு 130. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் உடனே பதில் வரும்: "சந்தோஷத்தை எந்தத் தராசில் நிறுப்பான்?" நியாயமான கேள்வி. முண்டகக்கண்ணி அம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் கோவில் கொண்டிருக்கும் வள்ளுவரும் நாட்டுக்கு அணி என்று சொன்ன ஐந்தில் இன்பத்தைச் சேர்த்திருக்கிறார். ஆனால் நோயின்மை, செல்வம், விளைச்சல், காவல் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் சொன்னார். அவை இல்லாவிட்டால் பரவாயில்லை, இன்பம் இருக்கிறதே என்று சொல்லவில்லை. (தேடி அலையாமல் வளம் கிடைப்பதே நாடு என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஜோகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் சிங்கப்பூர் நாடே இல்லை. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்த நாம் இதில் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.)

மகன் இருப்பது செங்காங்கில், அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டில். அந்த ஊரில் பெரும்பாலோருக்கு அப்படித்தான். அதற்கான வாரியம் 1960-இல் வந்தது. நம் குடிசை மாற்று வாரியம் 1970-இல். பத்து வருஷம்தான் வித்தியாசம். நம்மவர்களும் ஆரம்பத்தில் சரியாகத்தான் செய்தார்கள். நொச்சிக்குப்பத்தில் மீனவர்களுக்குக் கடலை ஒட்டியே மாடி வீடுகள் கட்டினார்கள். காலையில் வலையை எடுத்துக்கொண்டு இறங்கினால் மணல். பிறகுதான் வழி மாறியது. நகரத்துக்குள் நிலம் விலை ஏற ஏற, கால்வாய்க் கரையிலும் ஆற்றங்கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொண்டுபோய் வைத்தார்கள். வீடு கிடைத்தது, வேலை மயிலாப்பூரிலேயே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவர் அப்படிப் போனவர். மந்தைவெளிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, பத்து நிமிஷ நடையில் நாலு வீட்டு வேலையை முடித்தவர். இப்போது விடிவதற்கு முன் கிளம்பி, பெண்களுக்குக் காசு வாங்காத பிங்க் பஸ்ஸில் வந்து, அடையாறில் மாறி வருகிறார். 2021-இல் அந்த பஸ் இலவசமாகாமல் இருந்திருந்தால் வேலையையே விட்டிருப்பேன் என்பார். இவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த உபன்யாசத்தில் உட்கார வைத்தால், மனசு நிறைந்திருப்பது யாருக்கு என்று கேட்பாரா? கேட்க மாட்டார். கால் நீட்டிக் கொஞ்ச நேரம் தூங்குவார்.

சிங்கப்பூரைத் தூக்கிப் பேசவும் எனக்கு மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போனால் நம் ஊர்ப் பையன்கள் புல்வெளியில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, போனில் வீட்டாரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். செங்காங்கின் அடுக்குமாடிகளைக் கட்டுவது இவர்களைப் போன்றவர்கள்தான். வேலைக்குப் போவது லாரியின் பின்னால் உட்கார்ந்து, படுப்பது விடுதியில். அந்த நாட்டின் குடும்ப வருமானப் புள்ளிவிவரத்தில் இந்த விடுதிகள் சேராது. 2020-இல் கொரோனா பரவியபோதுதான் அவை எவ்வளவு நெருக்கம் என்று ஊருக்கே தெரிந்தது. ஆக, இரண்டு நாட்டின் சராசரியிலும் தொலைந்துபோகிறவர்கள் உண்டு, நிறையப் பேர் நம்மவர்களே.

இதற்கு நம்மிடம் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது: அவரவர் கர்மா. என்னுடைய கஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள அது எனக்குத் துணையாக இருந்திருக்கிறது, மறுக்கவில்லை. அடுத்தவர் கஷ்டத்துக்கு அதைச் சொல்லும்போதுதான் நாக்கு கூசுகிறது. இதில் எனக்கு வழிகாட்டி வள்ளலார். சென்னை ஏழுகிணற்றில் வளர்ந்தவர். பசியோடு வந்தவனின் முன்வினையை விசாரிக்காமல், 1867-இல் வடலூரில் தருமசாலை அடுப்பைப் பற்ற வைத்தார். அது இன்னும் அணையவில்லை. துறவு தனக்கு, சோறு ஊருக்கு என்று பிரித்து வைத்திருந்தார். நாம் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்: சோறு நமக்கு, துறவு பெரும்பாக்கத்துக்கு.

போன வாரம் மகன் அனுப்பிய வீட்டுப் படங்களைப் பாத்திரம் தேய்க்க வருகிறவரிடம் காட்டினேன். எத்தனை ரூம் என்று கேட்கவில்லை.

"சொந்த ஊடாம்மா?"

"99 வருஷக் குத்தகை. அப்புறம் கவர்மென்ட்டுக்குத் திருப்பிக் குடுத்துடணும்."

"அவ்ளோ நாளு யாரு இருக்கப் போறா!" என்று சிரித்தார். "ஊட்டாண்டயே பஸ் வருதா?"

வருகிறது, ரயிலும் உண்டு என்றேன். நான் அடுத்த படத்துக்குத் தள்ளப் போக, இருங்கம்மா என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அந்த நிறுத்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.