வினை புகா மதில்



கரியாலூர் மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே சென்றால் கெடிலக்கரையில் சேந்தமங்கலம். 1231இல் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன், சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைச் சிறைவைத்த கோட்டை இங்கிருந்தது. போசளர் படை வந்து அவனை மீட்டது. சிறையிட்டவர், சிறையிருந்தவர், மீட்டவர் ஆகிய மூவர் அரசும் மறைந்தன, கோட்டையும் அழிந்தது.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றிலோ, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இன்றும் உள்ளது. அக்கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்தது அது. அவர் பிறரைச் சிறைவைத்தவர் அல்லர். தம் புலன்களை அடக்கியவர்.

மனம், மொழி, மெய் அடக்கமாகிய மூன்று குப்திகளே வினை புகாது காக்கும் மதில். பழம்பகையால் உறவினர் எவரையேனும் நாம் நெஞ்சில் சிறைவைத்திருக்கிறோமா? அச்சிறையில் கிடப்பது நம் உயிரே. இன்றே பொறுப்போம்; பொறுத்தருளுமாறு வேண்டுவோம்.